கறுப்பு விதை, செம்மஞ்சள் தொப்பி: இது எந்த மரம்?

வணக்கம். ஜாம்பியாவில், லுசாக்காவில் வேலை பார்க்கிறேன். ஊருக்கு வெளியே மியொம்போ எனப்படும் ஆப்பிரிக்க வெப்பமண்டலக் காட்டில் ஒரு மரத்தடியில் காய்களைப் பொறுக்கி வந்தேன். பலகைபோல் தடித்த ஓடு. பிளந்தால் வெண்ணிறச் சோற்றுக்குள் வரிசையாகக் கறுப்பு விதைகள், ஒவ்வொன்றுக்கும் செம்மஞ்சள் தொப்பி. குன்றிமணியின் நிறத்தைத் தலைகீழாக்கிப் பெரிதாக்கினாற்போல! அஃப்சீலியா குவான்சென்சிஸ் என்கிற பாட் மஹோகனிதானே? இலையைக் கவனிக்காமல் வந்தது என் மடத்தனம்.

முளைக்கவைப்பதில்தான் திண்டாட்டம். ஊறவைத்த மூன்று விதைகள் அழுகிவிட்டன. தொப்பியை நீக்கிவிட்டு ஊன்ற வேண்டுமா? தோலைச் சற்று உரசலாமா? வேரில் ஒட்டி வாழ்ந்து உதவும் பூஞ்சையோடு கூடி வளரும் மரம் என்பதால், அந்தப் பூஞ்சைக்காகத் தாய்மரத்தடி மண்ணையும் கொஞ்சம் அள்ளி வந்திருக்கிறேன். ஆணிவேருக்கு எவ்வளவு ஆழமான பை தேவை? மீதம் ஏழு விதைகள்தான். வளர்த்தவர்கள் சொல்லுங்கள்.