என்.எஸ்.கே. ஆவணப்படம்: கொலை வழக்குக்கு எத்தனை நிமிடம் தரலாம்?

குடியாத்தம் நிலா (வெள்ளி, இரவு 9.10)

எல்லாருக்கும் வணக்கம். விஸ்காம் கடைசி வருடம் படிக்கிறேன். சிரிப்பு நடிகர் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனைப் பற்றி 40 நிமிட ஆவணப்படம் ஒன்று எடுத்திருக்கிறேன். முதல் எடிட் முடிந்துவிட்டது. அதில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கு மட்டும் 17 நிமிடம் ஓடுகிறது. "அதுதான் உன் படம், மற்றதெல்லாம் முன்னுரை" என்கிறார் என் வழிகாட்டி.

நேற்று அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். பீடி சுற்றிக்கொண்டே பார்த்தார். முடிந்ததும், "பாவம், நல்ல மனுஷன் போல" என்றார். அவர் என்ன வேலை செய்தவர் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஜெயிலுக்குப் போனாரே" என்றார்.

இரவு தூக்கம் வரவில்லை. 17 நிமிடத்தைக் குறைக்கலாமா, வேண்டாமா? சொல்லுங்கள்.

சத்துவாச்சாரி வாத்தியார் (இரவு 9.48)

குறைக்காதே அம்மா. நான் 34 வருடம் வரலாறு நடத்தியவன். அந்த வழக்கை வெறும் சினிமாக் கிசுகிசு என்று இன்றைய பிள்ளைகள் நினைக்கிறார்கள். 1944 நவம்பர் 8 அன்று வேப்பேரியில் லட்சுமிகாந்தனைக் கத்தியால் குத்தினார்கள். மறுநாள் இறந்துபோனான். 'இந்து நேசன்' என்ற பத்திரிகையில் நடிகர் நடிகைகளைப் பற்றிக் கண்டதையும் எழுதிப் பிழைத்தவன். டிசம்பரில் பாடகரும் நடிகருமான தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கே.யும் கைதானார்கள். ஜூரிகள் ஒன்பது பேரில் ஆறு பேர் குற்றவாளி என்றார்கள். ஆயுள் தண்டனை. உயர் நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அன்றைக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், மறுபடி விசாரிக்கச் சொல்லி வந்து, 1947 ஏப்ரலில்தான் விடுதலை. கொன்றது யார் என்பது இன்றுவரை தெரியாது.

இதில் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு சங்கதி இருக்கிறது. அந்த மறுவிசாரணையில் இவர்களுக்காக வாதாடியவர் வி.எல். எத்திராஜ். முதல் எழுத்தான 'வி' எந்த ஊர் என்று நினைக்கிறீர்கள்? வேலூர்தான். 1948-இல் சென்னையில் பெண்கள் கல்லூரி தொடங்கினாரே, அதே எத்திராஜ். வேலூரிலிருந்து படம் எடுக்கும் பெண் இதை விடலாமா?

முள்ளுக்கத்திரி (இரவு 10.05)

ஐயா, எத்திராஜ் விஷயம் எனக்குப் புதிது, நன்றி. ஆனால் உங்கள் பதிலை முழுக்கப் படித்தேன். என்.எஸ்.கே. சிரிக்க வைத்தார் என்ற ஒரு வரி எங்கேயும் இல்லை. நிலாவின் அம்மா சொன்னது சரியாகப் போயிற்று.

காமெடியனைப் பற்றி யார் படம் எடுத்தாலும் இதே கதைதான். "ஊரைச் சிரிக்க வைத்தார், உள்ளுக்குள் அழுதார்." பின்னணியில் ஒரு வயலின். சந்திரபாபு என்றால் குடியும் கடனும். என்.எஸ்.கே. என்றால் ஜெயில். பாடகரைப் பற்றிய படத்தில் பாட்டு வருகிறது. சிரிப்பு நடிகரைப் பற்றிய படத்தில் மட்டும் சிரிப்பு வருவதில்லை. ஏன்?

சத்துவாச்சாரி வாத்தியார் (இரவு 10.21)

வாழ்க்கையில் நடந்ததைத்தானே காட்ட முடியும்? இரண்டு வருடத்துக்கு மேல் சிறையில் கிடந்த மனிதனை விகடகவியாக மட்டும் காட்டினால் அதுவும் பொய்தான்.

முள்ளுக்கத்திரி (இரவு 10.40)

காட்ட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. யாருடைய கதையை யார் தலையில் கட்டுகிறீர்கள் என்றுதான் கேட்கிறேன். ஒரே வழக்கு, ஒரே சிறை, ஒரே விடுதலை. வெளியே வந்த பாகவதருக்குப் பழைய இடம் கிடைக்கவே இல்லை. 1959-இல் இறக்கும்வரை கிடைக்கவில்லை. வழக்கு அவர் வாழ்க்கையை இரண்டாக உடைத்தது, ஒப்புக்கொள்கிறேன். என்.எஸ்.கே. வெளியே வந்து என்ன செய்தார்? இரண்டே வருடத்தில் 'நல்லதம்பி'யில் அவரே நாயகன், வசனம் அண்ணா. 1951-இல் 'மணமகள்', 1952-இல் 'பணம்', இரண்டையும் இயக்கியவர் அவரே. சிறையிலிருந்து வந்து இன்னும் பெரிதாகச் சிரித்த ஆளுக்குப் பாகவதரின் சோகத்தைப் போர்த்தி விடுகிறோம்.

கூத்துப்பிரியன் (சனி, காலை 6.30)

போளூர்க்காரன் நான். விவாதம் நன்றாகப் போகிறது, இடையில் ஒரு பேச்சு. எங்கள் பக்கம் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து நடந்தால் முதலில் மேடைக்கு வருவது ராஜா இல்லை, கட்டியக்காரன். திரை மறைவில் நிற்கும் துரியோதனனைப் பார்த்து, "யாருய்யா நீ, எந்த ஊரு?" என்று அவன்தான் கேட்பான். ஊர்த் தலைவரையும் விடமாட்டான், ரேஷன் கடையையும் விடமாட்டான். அடி வாங்குவான், ஆனால் ராத்திரி முழுக்கக் கூத்து அவன் கையில்தான்.

என்.எஸ்.கே. செய்ததும் அதுதானே? 1941-இல் வந்த 'சந்திரஹரி'யைப் பாருங்கள். பம்மல் சம்பந்த முதலியார் எழுதியது. அரிச்சந்திரன் பொய்யே சொல்லாதவன், சந்திரஹரி மெய்யே சொல்லாதவன். அரிச்சந்திரன் கூத்தை விடிய விடியப் பார்த்து அழுத ஜனத்துக்கு அது எப்படி இருந்திருக்கும்! நிலா, கட்டியக்காரனிடமிருந்து படத்தைத் தொடங்கு.

காட்பாடி ஜங்ஷன் (காலை 7.15)

அண்ணே, கூத்து மேல் எனக்கும் பிரியம்தான். ஆனால் ஒழுகினசேரியில் பிறந்த மனிதரைப் போளூருக்கு இழுத்து வராதீர்கள். அவர் நாகர்கோவில்காரர். நாஞ்சில் நாட்டில் தெருக்கூத்து கிடையாது, வில்லுப்பாட்டுதான். அதைத் திருவிழா மேடையிலிருந்து பட்டணத்து மேடைக்குக் கொண்டுவந்தவர்களில் அவர் முக்கியமானவர். சுப்பு ஆறுமுகத்தைச் சென்னைக்கு அழைத்து வந்து காந்தி கதையை வில்லுப்பாட்டாக எழுத வைத்தவரும் அவர்தான். அந்த வேரை விட்டுவிட்டு நம் ஊர் வேரை ஒட்டுவது நியாயமா?

கூத்துப்பிரியன் (காலை 7.32)

ஒட்டவில்லை தம்பி. வடக்கத்திச் சனத்துக்கு அவர் ஏன் உடனே புரிந்தார் என்றுதான் சொன்னேன். கட்டியக்காரனைப் பார்த்துப் பழகிய கண் இது. வேர் அங்கேயே இருக்கட்டும், நிழல் இங்கே விழக்கூடாதா?

காட்பாடி ஜங்ஷன் (காலை 7.40)

சரி, நிழல் என்றால் விட்டுவிடுகிறேன்.

முள்ளுக்கத்திரி (காலை 9.00)

நிலா, ஒரு கேள்வி. என்.எஸ்.கே.யின் மனைவி மதுரத்துக்கு எத்தனை நிமிடம்?

குடியாத்தம் நிலா (காலை 9.25)

இரண்டரை நிமிடம் அக்கா. கல்யாணம் ஆனது, ஜோடியாக நடித்தது.

முள்ளுக்கத்திரி (காலை 9.50)

வழக்குக்குப் பதினேழு, மதுரத்துக்கு இரண்டரை! சரி, வழக்கைப் பற்றியே பேசுவோம். அவர் உள்ளே இருந்தபோது வெளியே என்ன நடந்தது? நாடகக் குழு கலையாமல் எஸ்.வி. சகஸ்ரநாமத்தோடு சேர்ந்து காப்பாற்றியது டி.ஏ. மதுரம். வழக்குச் செலவுக்காக 'பைத்தியக்காரன்' படத்தைத் தொடங்கி, இரட்டை வேடத்தில் நடித்தது மதுரம். படம் முடிவதற்குள் அவர் விடுதலையாகி வந்து அதில் தானும் நடித்தார். ஐயா, நீங்கள் கேட்கும் வழக்கை நீதிமன்றப் படிக்கட்டில் நின்று சொல்லாமல் இந்தப் பெண்ணின் பக்கம் நின்று சொல்லிப் பாருங்கள். அழுகையும் இருக்கும், வேலையும் இருக்கும்.

அது மட்டுமா? சிரிப்பில் பாதி அந்த அம்மாவுடையது. என்.எஸ்.கே. ஒரு தத்துவத்தை அடித்துவிட்டால் மதுரம் மோவாயில் கை வைத்து ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்குத்தான் கொட்டகையில் சிரிப்பு.

வக்கீல் குமாஸ்தா (காலை 11.10)

இரண்டு விஷயம் சொல்லிவிட்டுப் போகிறேன், கோர்ட்டுக்கு நேரமாகிறது.

கிளிப் போடப் பயந்துதான் புகைப்படமாக ஓட்டியிருப்பாய் என்று நினைக்கிறேன். இந்தியச் சட்டப்படி திரைப்படத்துக்குக் காப்புரிமை வெளியான வருடத்துக்குப் பிறகு 60 ஆண்டுதான். 'நல்லதம்பி' மாதிரி 1949 படத்துக்கு 2009-ஓடு முடிந்தது. பாட்டு, கதை, வசனம் எழுதியவர்களின் உரிமை தனி. அவர்கள் இறந்த பிறகும் 60 ஆண்டு உண்டு. அதைத் தனியாகப் பார்த்துக்கொள்.

அடுத்தது, வள்ளல் கதைகள். திருட வந்தவனுக்குச் சாப்பாடு போட்டார், கேட்டவனுக்கு எல்லாம் கொடுத்தார் என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். ஒரே கதையை மூன்று நடிகர் பெயரில் நான் கேட்டிருக்கிறேன். கையில் ஆதாரம் இல்லாததை வைக்காதே.

சத்துவாச்சாரி வாத்தியார் (சனி, இரவு 8.15)

காலையிலிருந்து நான் பதில் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. முள்ளுக்கத்திரி அம்மையார் கிளப்பிவிட்டதில் சாயங்காலம் பேரனையும் அவன் நண்பர்கள் மூன்று பேரையும் உட்கார வைத்து 'நல்லதம்பி'யில் வரும் கிந்தனார் காலட்சேபத்தை முழுசாகப் போட்டேன். உடுமலை நாராயணகவி எழுதியது. நந்தனார் கதைக்கு மாற்று. சிதம்பரத்துக்குப் போக ஏங்கும் நந்தன் இங்கே இல்லை. சேரிப் பையன் கிந்தன் ரயில் ஏறிப் பட்டணம் போய்ப் படித்து அதிகாரியாகத் திரும்புகிறான். அதைப் பக்தியோடு காலட்சேபம் செய்யும் பாகவதராகவே நின்று என்.எஸ்.கே. சொல்கிறார்.

முதல் இரண்டு நிமிடம் பயல்கள் போனைத் தடவிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் ஒருவன் நிமிர்ந்தான். ரயில் வரும் இடத்தில் நாலு பேரும் சிரித்தார்கள். நான் எங்கே விளக்கம் சொல்லத் தொடங்கினேனோ, அங்கே சிரிப்பு நின்றது. பேரன், "தாத்தா, கொஞ்சம் சும்மா இருங்க" என்றான்.

ஆக, ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஒரு உருப்படியை வெட்டாமல் முழுசாகப் போடு அம்மா. குரல் விளக்கம் எதுவும் வேண்டாம். ஆனால் வழக்கு எட்டு நிமிடத்துக்குக் கீழே போகக்கூடாது. கடைசிக் காட்சியும் சிலைதான். தியாகராய நகரில் 1969 ஜனவரி 14 அன்று அண்ணா அந்தச் சிலையைத் திறந்தார். அவருடைய கடைசிப் பொது நிகழ்ச்சி அது. இருபது நாளில் அவரும் போய்விட்டார்.

முள்ளுக்கத்திரி (இரவு 8.31)

பார்த்தீர்களா, மறுபடியும் சாவு! 48 வயதில் அவர் போனதே போதாதென்று அண்ணாவையும் சேர்த்து அனுப்புகிறீர்களே ஐயா.

சத்துவாச்சாரி வாத்தியார் (இரவு 8.36)

வரலாற்று வாத்தியாரிடம் வேறு என்ன எதிர்பார்க்கிறீர்கள்?

கூத்துப்பிரியன் (இரவு 9.02)

எங்கள் கூத்திலும் படுகளம் உண்டு. ஆனால் துரியோதனன் விழுந்த பிறகும் கட்டியக்காரன் உயிரோடுதான் இருப்பான். சொல்லிவிட்டேன்.

குடியாத்தம் நிலா (ஞாயிறு, இரவு 10.20)

இன்று முழுக்க எடிட்டில் இருந்தேன். கிந்தனார் வெட்டில்லாமல் படத்தின் நடுவில் போய்விட்டது. பாடல் உரிமைக்கு யாரிடம் கேட்பது என்று நாளை விசாரிக்கப் போகிறேன், குமாஸ்தா அண்ணா. வழக்கு இப்போது ஒன்பது நிமிடம், மதுரம் அம்மாவின் பக்கத்திலிருந்து தொடங்குகிறது. எத்திராஜ் இருக்கிறார், 'வி' என்றால் வேலூர் என்பதும் இருக்கிறது. கட்டியக்காரன் இல்லை, மன்னிக்கவும். நாகர்கோவில் வில்லோடு தொடங்குகிறது. சிலையை எங்கே வைப்பது என்று இன்னும் தெரியவில்லை. வழிகாட்டிக்கு இன்னும் காட்டவில்லை, அவர் திட்டுவார்.

அம்மாவுக்குக் காட்டினேன். கிந்தனார் நடுவில் "நிறுத்து, நிறுத்து" என்றார். பிடிக்கவில்லையோ என்று பயந்துவிட்டேன். பீடிக்கட்டு எண்ணிக்கொண்டிருந்ததில் ஒரு வார்த்தையை விட்டுவிட்டாராம். பின்னால் தள்ளிப் போடச் சொன்னார். இரண்டாம் தடவை எண்ணிக்கை தப்பிப்போய்க் கட்டைப் பிரித்து மறுபடி எண்ணினார்.

முள்ளுக்கத்திரி (இரவு 10.34)

அம்மாவுக்கு என் அன்பைச் சொல். அது சரி, மதுரம் இப்போது எத்தனை நிமிடம்?

குடியாத்தம் நிலா (இரவு 10.41)

ஆறே கால் அக்கா. எடிட் இன்னும் மூடவில்லை.