போனில் நேராக, வேறு கணினியில் படுக்கையாக: போட்டோக்களை எப்படித் திருப்புவது?

வெயில்மரம்:
போனில் நிமிர்த்திப் பிடித்து எடுத்த ஜேபெக் படங்கள், அளவு 4032×3024. போனிலும் புதுக் கணினியிலும் நேராக இருக்கின்றன. விண்டோஸ் 7 கணினியில் திறந்தால் படுத்துவிடுகின்றன. ஒரு எடிட்டரில் திருப்பிச் சேமித்தால், போனில் பார்க்கும்போது இந்தமுறை அங்கே படுக்கை! தரம் குறையாமல் மொத்தமாகச் சரிசெய்ய வழி உண்டா? சில செல்ஃபிகளில் கடைப் பலகை எழுத்தும் இடவலம் மாறியிருக்கிறது.

கருவிழி:
போனை எப்படிப் பிடித்தாலும் சென்சார் படத்தைப் பெரும்பாலும் படுக்கையாகவே பதிகிறது. "காட்டும்போது திருப்பு" என்று எக்ஸிஃபில் (படக் கோப்புக்குள்ளேயே இருக்கும் விவரக் குறிப்பு) ஓரியன்டேஷன் என்ற எண்ணை மட்டும் போன் எழுதி வைக்கும். 1 என்றால் அப்படியே, 3 என்றால் 180 பாகை, 6 என்றால் வலப்பக்கம் 90, 8 என்றால் இடப்பக்கம் 90. மீதி 2, 4, 5, 7 கண்ணாடிப் பிம்ப வகைகள். விண்டோஸ் 7-இன் போட்டோ வியூவர் இந்த எண்ணைக் கண்டுகொள்வதில்லை, 8-இலிருந்துதான் மதிக்கிறது.

உங்கள் எடிட்டர் பிக்சல்களைத் திருப்பிவிட்டு 6-ஐ அப்படியே விட்டிருக்கும். போன் அதைப் படித்து இன்னொரு 90 திருப்புகிறது. பிக்சலைத் திருப்பினால் எண்ணை 1 ஆக்கியே தீர வேண்டும். ஏற்கெனவே கெட்டவற்றுக்கு எக்ஸிஃப் விவரத்தைத் திருத்தும் எக்ஸிஃப்டூல் என்ற மென்பொருளில் எண்ணை 1 ஆக்கினால் போதும், பிக்சலைத் தொட வேண்டாம்.

நூலேணி:
மொத்தமாகச் செய்ய: லினக்ஸில் எக்ஸிஃப்ட்ரான் என்ற கருவி, 'ஏ' (-a), 'ஐ' (-i) தெரிவுகளோடு. எண்ணைப் படித்துத் திருப்பி, 1 ஆக்கி, உள்ளே ஒட்டியிருக்கும் சிறுபடத்தையும் திருப்பிவிடும். 'ஐ' மூலக் கோப்பின் மேலேயே எழுதும், நகல் எடுத்துவிட்டு ஓட்டுங்கள். விண்டோஸில் இர்ஃபான்வியூ, அதன் பிளகின்களோடு: சிறுபடச் சாளரத்தில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, இழப்பற்ற (தரம் குறையாத) ஜேபெக் மாற்றத்தில் எக்ஸிஃப்படி தானாகத் திருப்பும் தெரிவு.

ஜேபெக்கை இழப்பின்றித் திருப்பும் ஜேபெக்ட்ரான் என்ற கருவியை நேரடியாக ஓட்டினால் 'காப்பி ஆல்' கொடுங்கள், இல்லையேல் எடுத்த தேதி முதலிய எக்ஸிஃப் விவரம் போய்விடும். ஆனால் அது ஓரியன்டேஷன் எண்ணையும் பழையபடியே நகலெடுக்கும், சிறுபடத்தையும் திருப்பாது. பிக்சல் சரி, ஃபோல்டரில் தெரியும் சிறுபடம் மட்டும் படுக்கை என்று சிலர் குழம்புவது இதனால்தான்.

கருவிழி:
இழப்பற்றது என்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஜேபெக் கட்டம் கட்டமாகச் சேமிக்கப்படுகிறது. வழக்கமான நிறச்சுருக்கத்தில் (நிற விவரத்தை மட்டும் குறைத்துச் சேமிக்கும் முறை) ஒரு கட்டம் 16×16. உங்கள் 4032, 3024 இரண்டும் 16-ஆல் மீதியின்றி வகுபடும், கவலையில்லை. 1920×1080 என்றால் 1080-இல் 8 மீதி. அரைக்கட்டம் மாட்டும் பக்கத்தில் ஓரமாக ஒரு கீற்று திருப்பப்படாமல் ஒட்டி நிற்கும். ஜேபெக்ட்ரானில் 'பெர்ஃபெக்ட்' தெரிவு கொடுத்தால் அத்தகைய படத்தைத் தொடாமல் பிழை காட்டும். 'ட்ரிம்' அந்த 8 வரிசையை வெட்டிவிடும். ஓரத்தில் முகம் இல்லாதவரை எனக்கு ட்ரிம் போதும்.

வெயில்மரம்:
செல்ஃபி?

நூலேணி:
அங்கே எண்ணை 2 ஆக்கி ஒப்பேற்றாதீர்கள், கண்ணாடிப் பிம்ப எண்களைச் சில மென்பொருள்கள் கண்டுகொள்வதில்லை. முதலில் படத்தை நேராக்கி எண்ணை 1 ஆக்குங்கள். பிறகு ஜேபெக்ட்ரானில் 'ஃபிளிப் ஹாரிசான்டல்'. வரிசையை மாற்றினால், 6 எண் இன்னும் இருக்கும் படத்தில் இடவலத்துக்குப் பதில் மேல்கீழ் புரண்டுவிடும். மேசையில் கிடக்கும் காகிதத்தை நேர்மேலிருந்து எடுத்த படங்களையும் கண்ணால் ஒருமுறை பாருங்கள். கீழ்நோக்கிப் பிடித்தால் போனுக்கு எது மேல் என்று தெரியாது, எண்ணே தவறாக விழுந்திருக்கும்.