ஆலை நாற்றத்தால் உடம்பு கெடுமா?

கேள்வி:
எங்கள் வீட்டுக்குப் பின்னால் தோல் பதனிடும் ஆலை இருக்கிறது. விடியற்காலையில் அழுகிய முட்டை நாற்றம் படுக்கையறை வரை வருகிறது. அம்மாவுக்குத் தலைவலி, குமட்டல். மகள் தூக்கம் கெட்டு எழுந்து அழுகிறாள். ஆலையில் கேட்டால் "வெறும் வாடைதான்" என்கிறார்கள். வெறும் வாடை இப்படிப் படுத்துமா?

பதில்:
படுத்தும். அது பெரும்பாலும் ஹைட்ரஜன் சல்பைடு என்ற, அழுகிய முட்டை நாற்றமுள்ள வாயுவாக இருக்கும். நச்சாகும் அளவுக்கு வெகு கீழேயே மூக்கு அதைக் கண்டுகொள்ளும். உலக சுகாதார நிறுவனம் 2000-இல் வெளியிட்ட ஐரோப்பியக் காற்றுத்தர வழிகாட்டியில், உடல்நலத்துக்கான எல்லை கனமீட்டருக்கு 150 மைக்ரோகிராம் (24 மணிநேரச் சராசரி). நாற்றத் தொல்லைக்குத் தனியாக 7 மைக்ரோகிராம் (அரை மணிநேரச் சராசரி). தொல்லைக்கே ஓர் எல்லை வகுத்திருக்கிறார்கள், கவனியுங்கள். அம்மாவின் தலைவலி கற்பனை இல்லை. வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பதில்:
ஒன்று சேர்க்கிறேன். இந்த வாயு 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு) அளவை நெருங்கினால் மூக்கு மரத்துவிடும். கடுமையாக வீசிய வாடை திடீரென்று நின்றால் நிம்மதி அடையாதீர்கள், அந்த இடத்தை விட்டு வெளியேறுங்கள்.

பதில்:
விடியலில் குளிர்ந்த காற்று தரையோடு தேங்குவதால் வாடை கலைவதில்லை. நேரம், காற்றின் திசை, யாருக்கு என்ன தொந்தரவு என்று தினமும் எழுதுங்கள். பக்கத்து வீட்டாரும் தனித்தனியாக எழுதட்டும். புகாரோடு அதைக் கொடுத்து, விடியற்காலையிலேயே காற்றை அளக்கச் சொல்லுங்கள். மதியம் அளந்தால் ஒன்றும் சிக்காது.

கேட்டவர்:
சரி, இன்றே எழுதத் தொடங்குகிறேன். மிக்க நன்றி.