கயலின் ஒன்பதாம் வகுப்பு

குழு: வடக்குத் தெரு வீடு

வியாழக்கிழமை

[இரவு 8:04] செந்தில்: எல்லோருக்கும் வணக்கம். கயலை ஒன்பதாம் வகுப்புக்குத் திருச்சியில் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்க்கலாம் என்று இருக்கிறேன். பள்ளிப் பாடத்தோடு ஐஐடி நுழைவுத் தேர்வுக்கும் சேர்த்தே நடத்துகிறார்கள். விடுதியோடு வருடத்துக்கு 1,60,000. சனிக்கிழமைக்குள் முன்பணம் 25,000 கட்டினால் இடம் உறுதி என்கிறார்கள்.

[8:06] வள்ளி: நல்ல செய்தி தம்பி. எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம்தான். ஞாயிற்றுக்கிழமை நான் போய்ப் பார்த்துக்கொள்வேன். மீனா, முறுக்குச் சுட்டு அனுப்பு, கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

[8:07] சுந்தரம்: சரியான முடிவு மாப்பிள்ளை. அவனவன் ஆறாம் வகுப்பிலேயே தொடங்கிவிட்டான். நாம் ஒன்பதில் தொடங்குவதே தாமதம்.

[8:07] சுந்தரம்: (பலமுறை பகிரப்பட்ட செய்தி) பதினாலு வயதில் விதைப்பவர்க்கே பதினெட்டில் அறுவடை!! பெற்றோரே விழித்து கொள்ளுங்கள்!!

[8:09] பிரியா: மாமா, அப்பா பார்த்தால் சந்திப் பிழைக்கு அபராதம் போட்டுவிடுவார்.

[8:10] ராமநாதன்: பார்த்துவிட்டேன். 'விழித்துக் கொள்ளுங்கள்'. பத்து ரூபாய்.

[8:13] பிரியா: சித்தப்பா, முன்பணம் கட்டிவிட்டீர்களா?

[8:14] செந்தில்: இல்லை பிரியா. சீட்டுப் பணம் இன்றுதான் வந்தது. எடுத்து வைத்திருக்கிறேன்.

[8:21] பிரியா: அப்படியானால் இரண்டு நாள் பொறுங்கள். கயல் ஆறு, ஏழு, எட்டு மூன்றும் அரசுப் பள்ளியில் படித்திருக்கிறாள். ஆறு முதல் பன்னிரண்டு வரை முழுக்க அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. மருத்துவத்துக்கு 2020-இல் வந்தது. மறு வருடம் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் என்று விரிந்தது. அதில் பொறியியல் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டுகிறது. இடையில் ஒரே ஒரு வருடம் தனியார் பள்ளிக்குப் போனாலும் அது போனதுதான். பதினொன்றாம் வகுப்பில் திரும்பி வந்தாலும் ஒட்டாது.

[8:22] சுந்தரம்: நாம் பேசுவது ஐஐடியைப் பற்றி. அதற்கும் இந்த ஒதுக்கீட்டுக்கும் என்ன தொடர்பு?

[8:26] பிரியா: இடத்துக்குத் தொடர்பு இல்லை மாமா, பணத்துக்கு உண்டு. அதே ஏழு வருடத்தை அரசுப் பள்ளியில் முடித்தவர் ஐஐடியிலோ எய்ம்ஸிலோ பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலோ சேர்ந்தால் இளநிலைப் படிப்புச் செலவு முழுவதையும் தமிழக அரசு ஏற்கும் என்று 2022 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். எந்தக் கல்லூரிக்குப் போனாலும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். எட்டாம் வகுப்பில் என்எம்எம்எஸ் என்ற மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வு எழுதினாளே, அதில் தேர்ச்சி பெற்றால் பன்னிரண்டு வரை வருடத்துக்கு 12,000. தனியார் பள்ளிக்குப் போனால் அதுவும் நின்றுவிடும். நான்கு வருடத்துக்கு 6,40,000 நாம் கட்டி, இத்தனையையும் கையால் தள்ளிவிட வேண்டுமா?

[8:27] மீனா: ஆறு லட்சத்து நாற்பதாயிரமா? இவர் என்னிடம் ஒரு வருடக் கணக்கு மட்டும்தான் சொன்னார்.

[8:27] செந்தில்: மீனா, அடுக்களையிலிருந்து எழுதாதே. நேரில் கேள்.

[8:28] வள்ளி: இங்கேயே கேட்கட்டும். எங்களுக்கும் தெரிய வேண்டும்.

[8:35] செந்தில்: பிரியா சொல்வது எனக்குப் புரிகிறது. ஆனால் அவள் பள்ளியில் ஜூலையிலிருந்து கணக்கு ஆசிரியர் இல்லை. அறிவியல் ஆசிரியர்தான் நேரம் கிடைக்கும்போது வந்து நடத்துகிறார். ஆண்டுத் தேர்வே முடிந்துவிட்டது, இன்னும் யாரும் வரவில்லை. நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். மோட்டாருக்குக் காயில் கட்டத் தெரியும், ஏன் அத்தனை சுற்று என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பழைய காயிலைப் பிரித்து எண்ணுவேன், அதே எண்ணிக்கையைத் திரும்பச் சுற்றுவேன். அவளும் அப்படி எண்ணிக்கொண்டு உட்காரக் கூடாது. உதவித்தொகைக்காக ஆசிரியர் இல்லாத வகுப்பில் அவளை விட்டுவைப்பதா?

[8:36] பிரியா: இது நியாயமான கேள்வி சித்தப்பா. ஆசிரியையாக எனக்கு வெட்கமாகவும் இருக்கிறது.

[8:44] அருண்: மாமா, இப்போதுதான் விடுதிக்கு வந்தேன், எல்லாம் படித்தேன். அந்தத் தேர்வைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். முதல் கட்டமான மெயின் வருடத்தில் இரண்டு முறை, ஜனவரியில் ஒன்று, ஏப்ரலில் ஒன்று. 75 கேள்விகள், 300 மதிப்பெண், தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் கழியும். அதில் முன்னால் வரும் இரண்டரை லட்சம் பேர்தான் இரண்டாம் கட்டமான அட்வான்ஸ்டு எழுத முடியும். அது ஒரே நாளில் மூன்று மணி நேரத் தாள் இரண்டு. 23 ஐஐடிக்கும் சேர்த்துச் சுமார் 18,000 இடங்கள். அட்வான்ஸ்டை இரண்டு முறைதான் எழுதலாம். நான் இரண்டாம் முறையில் வந்தவன் என்பது உங்களுக்கே தெரியும்.

பாடத்திட்டம் 11, 12 வகுப்புகளுடையதுதான். ஒன்பதிலும் பத்திலும் ஐஐடிக்கு என்று தனியாக எதுவும் கிடையாது. ஆனால் அந்த இரண்டு வருடப் பாடம் ஆடினால் மேலே எதுவும் நிற்காது. முதல் முறை இயற்பியலில் சறுக்கினேனே, அதற்கு இயற்பியல் காரணமே இல்லை. சாய்தளத்தில் விசையைப் பிரிக்கும்போது சைன் எங்கே, காஸ் எங்கே என்று தடுமாறினேன். அது ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் ஆறாவது பாடம்.

[8:47] அருண்: இன்னொன்று. மெயின் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். அட்வான்ஸ்டு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான். கயல் தமிழ்வழி. முன்கூட்டியே தொடங்க வேண்டியது ஒன்று உண்டென்றால் அது இதுதான். அதே அரசுப் புத்தகத்தின் ஆங்கிலப் பதிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தினம் இரண்டு பக்கம். நான்கு வருடத்தில் பழகிவிடும், பதினொன்றில் தொடங்கினால் மூச்சு முட்டும்.

[8:49] சுந்தரம்: நீயே பயிற்சி மையத்தில் படித்தவன்தானே? இப்போது ஊருக்கு உபதேசமா?

[8:50] அருண்: பதினொன்றிலிருந்து படித்தேன் அப்பா. பயிற்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நேரத்தைப் பங்கிட்டு எழுத அங்கேதான் பழகினேன்.

[8:50] சுந்தரம்: பணம் கட்டியவன் நான்.

[8:51] வள்ளி: வளையலை வைத்தவள் நான்.

[9:05] கதிர்: சித்தப்பா, எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். நான் அப்படிப்பட்ட ஒரு பள்ளியில் ஒன்பதிலிருந்து பதினொன்று பாதி வரை இருந்தேன். ஊர் வேறு, பெயர் வேண்டாம். உடம்பு சரியில்லாமல் வந்துவிட்டேன் என்றுதான் நீங்கள் எல்லோரும் நினைத்திருப்பீர்கள்.

அங்கே வாரம் ஒரு தேர்வு. மதிப்பெண் வரிசைப்படி பிரிவு மாறும். முதல் பிரிவில் சேர்ந்தேன், தீபாவளிக்குள் மூன்றாம் பிரிவு, பொங்கல் கழிந்து கடைசிப் பிரிவு. நல்ல ஆசிரியர்கள் முதல் பிரிவோடு சரி. எங்களுக்கு அச்சடித்த தாள் வரும்.

ஒன்பதாம் வகுப்பிலேயே நுண்கணிதம் நடத்தினார்கள். சூத்திரங்களைத் தலைகீழாக ஒப்பிப்பேன். பதினொன்றில் அதே பாடம் வந்தபோது தெரிந்ததுதானே என்று காது கொடுக்கவில்லை. தேர்வில் உட்கார்ந்த பிறகுதான், சூத்திரத்தின் முகம் மட்டுமே எனக்குப் பழக்கம் என்று தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் வீட்டுக்குப் பேசலாம். பின்னால் பையன்கள் வரிசையில் நிற்பார்கள். சாப்பிட்டாயா என்று அம்மா கேட்பார். சாப்பிட்டேன் என்பேன்.

[9:08] ராமநாதன்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

[9:12] ராமநாதன்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

[9:19] ராமநாதன்: கதிரை அங்கே சேர்த்தது நான். 34 வருடம் அரசுப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்துவிட்டு, என் பள்ளியை நானே நம்பவில்லை. முதல் வருட முடிவிலேயே அவன் முகம் மாறியிருந்ததைக் கவனித்தேன். கட்டிய பணத்தை நினைத்துப் பேசாமல் இருந்தேன். உடம்பு சரியில்லை என்று ஊரில் சொன்னதும் நான்தான். செந்தில், உன்னிடமாவது முன்பே நேரில் சொல்லியிருக்க வேண்டும்.

[9:23] மீனா: விடுங்கள் மாமா.

[9:24] கதிர்: அப்பா, இப்போது நன்றாகத்தான் இருக்கிறேன். புள்ளியியல் இரண்டாம் வருடம் முடியப் போகிறது. முதுநிலைக்குக் கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் முயற்சி செய்யலாம் என்று பேராசிரியர் சொல்கிறார்.

[9:26] சுந்தரம்: அது என்ன நிறுவனம்? கேள்விப்பட்டதே இல்லையே.

[9:30] அருண்: புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் 1931-இல் தொடங்கியது அப்பா. இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். பெரிய இடம் என்றால் ஐஐடி ஒன்றுதானா? பள்ளி முடித்தவர்களுக்கே அங்கே இளநிலைப் படிப்பு உண்டு, தனி நுழைவுத் தேர்வு. நம் சிறுசேரியில் சென்னைக் கணித நிறுவனம் இருக்கிறது, அதற்கும் தனித் தேர்வு. இரண்டிலும் கணக்கை யோசித்துப் போடத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். இந்தத் திறமையை எட்டு, ஒன்பதிலேயே சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. கணித ஒலிம்பியாட்டின் முதல் கட்டத் தேர்வு செப்டம்பரில் நடக்கும். எட்டாம் வகுப்பிலிருந்தே எழுதலாம். மூன்று மணி நேரத்துக்கு 30 கேள்விகள், அவ்வளவு நேரம் தேவைப்படும். தேறாவிட்டாலும் இழப்பு எதுவும் இல்லை.

[9:31] அருண்: மாதிரிக்கு ஒன்று. 1 முதல் 100 வரை எல்லா எண்களையும் பெருக்கினால், விடையின் கடைசியில் எத்தனை பூச்சியங்கள் வரும்?

[9:33] சுந்தரம்: 11. பத்திலிருந்து தொண்ணூறு வரை ஒன்பது, நூறில் இரண்டு. இதற்குப் போய் ஐஐடியா?

[9:33] அருண்: 2-ஐயும் 5-ஐயும் பெருக்கினால் பூச்சியம் வராதா அப்பா?

[9:34] வள்ளி: தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுத் தாள் தேடுகிறார்.

[9:41] மீனா: அத்தான், நான் கயல். அம்மா கைபேசியில் எழுதுகிறேன். 20. ஐந்தின் மடங்குகள் இருபது இருக்கின்றன. இரண்டு எவ்வளவு வேண்டுமானாலும் கிடைக்கிறது.

[9:42] அருண்: பக்கத்தில் வந்துவிட்டாய். ஆனால் 20 இல்லை. விடையைச் சொல்ல மாட்டேன், தூங்கு.

[9:46] பிரியா: சித்தப்பா, மாவட்டத்துக்கு ஒரு அரசு மாதிரிப் பள்ளி இருக்கிறது, தேர்வு வைத்து எடுக்கிறார்கள், விடுதி உண்டு, கட்டணம் இல்லை. அரசுப் பள்ளிதான் என்பதால் ஒதுக்கீடும் போகாது. இந்த வருடம் எந்த வகுப்பில் இடம் என்று நாளை கேட்டுச் சொல்கிறேன். பதினொன்றில் உதவித்தொகைக்கான முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வும் இருக்கிறது. ஒன்பது, பத்தாம் வகுப்புப் பாடத்திலிருந்துதான் கேட்பார்கள்.

[9:49] செந்தில்: அதெல்லாம் சரி. இந்த ஜூனில் அவளுக்கு யார் கணக்கு நடத்துவது?

[9:50] கதிர்: நான் நடத்துகிறேன் சித்தப்பா. சனி, ஞாயிறு மாலை ஆறு மணி, காணொளியில். சூத்திரம் கடைசியில்தான் வரும்.

[9:52] ராமநாதன்: பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஆசிரியர் பணியிடம் பற்றிப் பெற்றோர் எல்லோரும் கையெழுத்திட்டு எழுதிக் கொடுப்போம். செந்தில், நீ ஆட்களைச் சேர். மனுவை நான் எழுதித் தருகிறேன்.

[9:53] சுந்தரம்: சந்திப் பிழை இல்லாத மனு. அதிகாரிகள் பயந்துவிடுவார்கள்.

[9:58] செந்தில்: கயல், மொட்டை மாடிக்கு வா. கைபேசியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வா.

வெள்ளிக்கிழமை

[காலை 5:52] மீனா: 24. 25, 50, 75, 100 இந்த நான்கிலும் ஐந்து இரண்டு முறை இருக்கிறது. 25 = 5×5. 50 = 5×5×2. ராத்திரி ஒரு முறைதான் எண்ணினேன். கயல்.

[7:15] ராமநாதன்: 'ராத்திரி' அல்ல, 'இரவு'. அபராதம் இல்லை.

[9:40] அருண்: சரியான விடை. இனி 1000 வரை.

[9:44] சுந்தரம்: 11 எப்படித் தவறு என்று யாராவது எனக்குத் தனியாக அனுப்புங்கள்.

[10:02] வள்ளி: கயல், அப்பா என்ன சொன்னான்? முறுக்கு வருமா வராதா?

[10:20] மீனா: அண்ணி, இது மீனா. அவர் கடைக்குப் போய்விட்டார். பணம் பீரோவில்தான் இருக்கிறது. முறுக்குக்கு அரிசி ஊற வைத்திருக்கிறேன், நீங்கள் இங்கே வந்து சாப்பிடுங்கள்.