ஆயாக் கொட்டாய் (தோட்டத்துப் பிள்ளைக் காப்பகம்) படம் யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் வளர்ந்தவர்கள் யாராவது இங்கே இருந்தால் ஒரு உதவி வேண்டும்.

என் பாட்டி போன மாதம் 88 வயதில் தவறிவிட்டார். முதல் திவசத்துக்குள் அவர் கதையை எழுதி, பேரப்பிள்ளைகளுக்குக் கொடுக்க நினைக்கிறேன்.

ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்து வைத்திருந்த காலத்தில் அவருடைய அப்பாவைச் சயாமில் (இப்போதைய தாய்லாந்து) ரயில் பாதை போடக் கூட்டிப் போனார்கள். 1943இல் பாதை வேலை முடிந்தது, அவர் திரும்பவில்லை. அரிசி கிடைக்காமல் கிழங்கே சாப்பாடாக இருந்த காலம் அது. அதன் பிறகு பாட்டி கடைசிவரை மரவள்ளிக்கிழங்கை வாயில் வைத்ததில்லை. "அப்போ தின்னதே ஏழு ஜென்மத்துக்குப் போதும்" என்பார். (நாங்கள் வாங்கி வந்தால் திட்டிக்கொண்டே அவித்துத் தருவார், அது வேறு விஷயம்.)

1948இல் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் அவசரகாலம் கொண்டுவந்தபோது பாட்டிக்குப் பன்னிரண்டு வயது. அப்புறம் விடியுமுன் பெரட்டு (வேலைக்கு ஆள் கணக்கெடுப்பு), பால்மரம், வாளி என்று பல வருஷம். முட்டி வலி வந்ததும் ஆயாக் கொட்டாய்க்கு மாற்றினார்கள். அங்கே சேலை ஏணையில் அவர் ஆட்டித் தூங்கவைத்த பிள்ளைகளுக்குக் கணக்கே இல்லை. உங்களில் ஒருவராகக்கூட இருக்கலாம்.

இப்போது அங்கே லயமும் (தொழிலாளர் வரிசை வீடுகளும்) இல்லை, கொட்டாயும் இல்லை. எல்லாம் செம்பனை. எங்களிடம் இருப்பது சிவப்பு ஐசியில் (அடையாள அட்டையில்) இருந்த ஒரு மங்கலான படம்தான்.

எழுபதுகளில் எடுத்த கொட்டாய்ப் படமோ, தீமிதித் திருவிழாப் படமோ இருந்தால் கைப்பேசியில் எடுத்து அனுப்புங்கள். ஓரத்தில் அவர் நின்றாலும் போதும். சயாமுக்குப் போனவர்களின் விவரத்தை எங்கே தேடுவது என்று தெரிந்தவர்களும் சொல்லுங்கள். தோட்டத்தின் பெயரை உள்பெட்டியில் தருகிறேன்.