டியூ டேட் தாண்டியும் வலி வரலையா? உங்க அனுபவம் சொல்லுங்க (பெங்களூர் தோழிகள்)

மாரத்தஹள்ளி மது:
ஹாய் சிஸ்டர்ஸ், எனக்கு இது தலைச்சன். டேட் முடிஞ்சு போச்சு, ஒரு வலியும் காணோம், ராத்திரி லைட்டா இடுப்பு பிடிக்குது விடிஞ்சா அதுவும் போயிடுது. 41 வாரம் வரைக்கும் பாக்கலாம் அதுக்கு மேல வேணாம், அட்மிட் ஆயிடு வலி வர வச்சிடலாம்னு டாக்டர் சொல்றாங்க. எங்க அத்தை, தானா வர்றதுதான் நல்லது மருந்து வச்சா கடைசில ஆபரேஷன்லதான் முடியும்னு ஒரே பிடிவாதம். ஊர்லருந்து வேற ஆளாளுக்கு போன் பண்ணி "இன்னுமா ஆகல"ங்கறாங்க, என்னமோ நான்தான் பிடிச்சு வச்சிருக்கற மாதிரி 😩 டேட் தாண்டினவங்க உள்ளதை உள்ளபடி சொல்லுங்க ப்ளீஸ்.

அல்சூர் பொண்ணு:
மொதல்ல உங்க டேட் எதை வச்சுப் போட்டதுன்னு பாருங்க மது. எனக்கு பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி), பீரியட்ஸ் அது இஷ்டத்துக்குத்தான் வரும். கடைசி பீரியட்ஸ்லருந்து 280 நாள் எண்றது 28 நாளைக்கு ஒருக்க கரெக்டா வர்றவங்களுக்குத்தான் ஒத்து வரும், என்னை மாதிரி ஆளுங்களுக்கு கருவே லேட்டாதான் உண்டாகிருக்கும். என் தாய் கார்டுல (கர்ப்பிணிங்களுக்குக் குடுக்கற ரெக்கார்டு) பீரியட்ஸ் தேதி மட்டும் எழுதிருந்தாங்க, அதைப் பாத்துட்டு டூட்டி டாக்டர் "ஃபார்ட்டி டூ வீக்ஸ் ஆகோயித்தா"ன்னு பதறிட்டாங்க. அப்பறம் ஃபைல் அடில கெடந்த மூணாம் மாச ஸ்கேனை எடுத்துக் காட்டினா அதுல 40 வாரம்தான் வருது! அந்த ஸ்கேன்ல குழந்தையோட நீளத்தை அளந்து சொல்ற தேதிதான் நம்பகமாம், ஏழு எட்டு மாசத்து ஸ்கேன்ல வர்ற தேதி ரெண்டு வாரம் கூட முன்ன பின்ன இருக்குமாம். அதனால அந்த மொத ஸ்கேன் ரிப்போர்ட்டைத் தொலைச்சிடாதீங்க. எனக்கு அதுக்கப்பறம் தானாவே வலி வந்து நார்மல்தான்.

கேஆர்புரம் கவி:
என் கதை கொஞ்சம் பெருசு, பயமுறுத்தன்னு சொல்லல. எனக்கு பீரியட்ஸ் கடிகாரம் மாதிரி, டேட்ல சந்தேகமே இல்ல. 41 வாரம் தாண்டியும் நான்தான் டாக்டர்கிட்ட இன்னும் கொஞ்சம் பாக்கலாம் மேடம்னு கேட்டேன், அவங்க அரை மனசா சரின்னுட்டு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்து பெல்ட் கட்டி ஹார்ட் பீட் பாக்கணும், தண்ணி ஸ்கேன் (குழந்தையைச் சுத்தி இருக்கற பனிக்குட நீர் அளவு) பாக்கணும், அசைவு கம்மியானா நடுராத்திரினாலும் வந்துடணும்னு கண்டிஷன் போட்டாங்க. ரெண்டாவது ஸ்கேன்லயே அந்த டாக்டர் "நீரு கம்மி இதே"ன்னாங்க, அளவு 4 தான் இருந்துச்சு. அன்னிக்கே அட்மிட். ராத்திரி வலி வர்றதுக்கு ஜெல் வச்சாங்க, காலைல பனிக்குடத்தை உடைச்சா தண்ணி பச்சையா வருது, கெட்டியா பட்டாணி வேக வச்ச தண்ணி கணக்கா. குழந்தை உள்ளயே மோஷன் போயிடுச்சுன்னு நர்ஸ் சொன்னதும் எனக்கு கை காலெல்லாம் வெலவெலத்துப் போச்சு. ட்ரிப்ஸ் ஏத்தினாங்க, ஒவ்வொரு வலிக்கும் துடிப்பு இறங்கி இறங்கி ஏறுது, அதுக்கு மேல வெயிட் பண்ணாம சிசேரியன்.

பையன் பொறந்தப்ப பாக்கணுமே, விரல் நுனியைத் தாண்டி நகம் வளந்து கெடக்கு, கன்னத்துல அவனே கீறி வச்சிருந்தான், உள்ளங்கால் தோல் வெயில்ல காஞ்ச மாதிரி உரிஞ்சு வருது, மத்த குழந்தைங்க மேல இருக்குமே வெள்ளையா மாவு மாதிரி அது துளி கூட இல்ல. எங்கம்மா பாத்துட்டு "கிழவன் மாதிரி பொறந்திருக்கான்டி"ன்னாங்க. மூச்சு வேகமா வாங்குனதால கொஞ்ச நாள் என்ஐசியூல (பச்சக் குழந்தைங்களுக்கான ஐசியூ) வச்சிருந்தாங்க, அந்த மோஷன் தண்ணி நுரையீரலுக்குள்ள போயிருந்துச்சுன்னா ரொம்ப சிக்கலாம். இப்ப யூகேஜி போறான், வாய் மட்டும் மூடவே மாட்டான். டாக்டர் சொன்னப்பவே நான் கேட்டிருந்தாலும் சிசேரியன்தான் ஆகிருக்குமோ என்னமோ, அது யாருக்குத் தெரியும், ஆனா நஞ்சுக்கொடிக்கு வயசாயிடுச்சுன்னா குழந்தைக்கு உள்ள போறது கம்மியாகும்னு எனக்குக் கண்ணால பாத்த மாதிரி ஆயிடுச்சு.

ஜேபிநகர் ரேவ்ஸ்:
எல்லா ஆஸ்பத்திரியும் உங்க டாக்டர் மாதிரி இல்ல கவி. எனக்கு கரெக்டா 40 வாரத்துல, தண்ணி அளவு 9, துடிப்பு நல்லாருக்கு, ஆனாலும் "ரிஸ்க் எடுக்க வேணாம், நாளைக்கே சிசேரியன்"னு ஒரு இடத்துல சொன்னாங்க. வலி வர வச்சுப் பாக்கலாமேன்னு கேட்டதுக்கு அதெல்லாம் டைம் எடுக்கும்னாங்க. யாருக்கு டைம்? வேற டாக்டர்கிட்ட மாறிட்டேன், 40 வாரம் 5 நாள்ல தானா பனிக்குடம் உடைஞ்சு நார்மல், பொண்ணு மூணே முக்கால் கிலோ, தையல் ஜாஸ்திதான் 😅

லேபர்வார்டு அக்கா:
நான் இங்க ஒரு கவர்மெண்ட் ஆஸ்பத்திரி பிரசவ வார்டுல ரொம்ப வருஷமா ஸ்டாஃப் நர்ஸ். ரேவ்ஸ் சொன்னதும் நியாயம், கவி சொன்னதும் நியாயம். தண்ணி அளவு 5க்குக் கீழ போனாதான் கம்மின்னு அர்த்தம், 9 நார்மல். டேட் அன்னிக்கே பொறக்கறது நூத்துல நாலஞ்சு பேருக்குத்தான், அதனால 40 முடிஞ்ச மறுநாளே யாரும் பதற வேணாம். ஆனா 42 வரைக்கும் தள்ளவும் வேணாம் மது. ஸ்வீடன்ல 2,760 பேரை வச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, பாதிப் பேருக்கு 41 வாரத்துலயே வலி வர வச்சாங்க, மீதிப் பேருக்கு 42 வரைக்கும் காத்திருந்தாங்க. காத்திருந்தவங்கள்ல 6 குழந்தை போயிடுச்சு, 41லயே வலி வர வச்சவங்கள்ல ஒண்ணு கூட இல்ல, ஆராய்ச்சியையே பாதில நிறுத்திட்டாங்க. 2019ல வெளிவந்துச்சு. உங்க அத்தைகிட்ட சொல்லுங்க, சிசேரியன் ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். உலக சுகாதார நிறுவனமும் 41 வாரம் உறுதியா முடிஞ்சிருந்தா வலி வர வைக்கலாம்னுதான் சொல்லுது.

அதே வருஷம் 1.5 கோடி பிரசவக் கணக்கை வச்சு இன்னொண்ணு வந்துச்சு, 40லருந்து 41க்குத் தள்ளறப்ப 1,449 பேருக்கு ஒரு குழந்தை கூடுதலா வயித்துக்குள்ளயே போயிடுதாம். சின்ன நம்பர்தான், ஆனா வார்டுல அந்த ஒருத்தியை நேர்ல பாக்கறவ நான். துடிப்பு இல்லாம வர்ற பொண்ணுங்க பாதிப் பேர் நேத்துலருந்தே அசைவு கம்மியா இருந்துச்சு, காலைல வரலாம்னு இருந்தேன்னு சொல்வாங்க. டேட் தாண்டினா குழந்தை அசையறது கம்மியாகும், எடம் பத்தலன்னு ஒரு பேச்சு ஊர்ல இருக்கு பாருங்க, சுத்தப் பொய். இடது பக்கம் சாஞ்சு படுத்து எண்ணுங்க, ரெண்டு மணி நேரத்துல 10 அசைவு வரலைன்னா ஆட்டோ பிடிங்க, காபி குடிச்சிட்டு பாப்போம்னு உக்காராதீங்க.

ராஜாஜிநகர் சரோஜாம்மா:
கண்ணு, எனக்கு நாலு பிள்ளைங்க, அதுல ரெண்டு பிள்ளைங்க நாள் தாண்டித்தான் பொறந்துச்சு. சீரகக் கஷாயம் வச்சுக் குடி, சூட்டு வலின்னா அடங்கிடும், நெஜ வலின்னா ஏறும். அந்தக் காலத்துல ஒரு கரண்டி விளக்கெண்ணெய் குடுப்பாங்க, வயிறு சுத்தமாயி வலி பிடிச்சுக்கும்.

லேபர்வார்டு அக்கா:
அம்மா கஷாயம் குடிக்கட்டும் தப்பில்ல, விளக்கெண்ணெய் மட்டும் வேணாம்மா, வயித்தால போயி தண்ணி சத்து இறங்கி துவண்டு வர்றாங்க, அப்பறம் முக்கறதுக்குத் தெம்பு இருக்காது.

மாரத்தஹள்ளி மது:
அக்கா ரொம்ப தேங்க்ஸ். ஜெல்லுங்கறாங்க, ஏதோ பலூன்ங்கறாங்க, ரொம்ப வலிக்குமா?

லேபர்வார்டு அக்கா:
உள்ள கர்ப்பப்பை வாய் எவ்வளவு இளகிருக்குன்னு மொதல்ல கை விட்டுப் பாப்பாங்க, அதை வச்சுதான் எதுன்னு முடிவு. சில பேருக்கு விரலாலேயே பனிக்குடச் சவ்வை லேசா பிரிச்சு விடுவாங்க, ஒரு நிமிஷம் சுருக்குன்னு இருக்கும், அப்பறம் கொஞ்சம் ரத்தக் கசிவு படும், பயப்படாதீங்க. ஜெல் வச்சா அரை மணி நேரம் எந்திரிக்காம படுத்திருக்கணும், பத்தலைன்னா 6 மணி நேரம் கழிச்சு இன்னொண்ணு. பலூன்ங்கறது யூரின் போக வைக்கற ட்யூப்தான், அதை கர்ப்பப்பை வாய்க்குள்ள வச்சு நுனில இருக்கற பலூனுக்குள்ள தண்ணி ஏத்துவாங்க, கர்ப்பப்பை வாய் திறந்ததும் தானா விழுந்துடும். போன தடவ சிசேரியன் ஆனவங்க அதைக் கண்டிப்பா மொதல்லயே சொல்லிடுங்க, அவங்களுக்கு சில மருந்து குடுக்கவே கூடாது, பழைய தையல் பிரிஞ்சிடும். தலைச்சனுக்கு ஒரு நாள், ஒன்றரை நாள் கூட ஆகும், ஒரு மணி நேரத்துல முடியும்னு நெனச்சுப் போனா வெறுத்துடும்.

பொம்மனஹள்ளி ஷைலு:
எனக்கு மொதக் குழந்தையும் டேட் தாண்டித்தான், இப்ப ரெண்டாவதும் 40 தாண்டிடுச்சு. மொதல்ல அப்படி ஆனா திரும்பவும் ஆக வாய்ப்பு ஜாஸ்தின்னு டாக்டர் முன்னாடியே சொன்னாங்க, அதனால இந்தத் தடவ டென்ஷன் இல்ல, புதன்கிழமை வரச் சொல்லிருக்காங்க. ஆனா மாமியார் அன்னிக்கு அஷ்டமி, மறுநாள் நவமி, வெள்ளிக்கிழமை போலாம்ங்கறாங்க. அது வரைக்கும் தள்ளலாமா அக்கா?

லேபர்வார்டு அக்கா:
வேணாம். டாக்டர் சொன்ன புதன்கிழமையே போங்க, வேணும்னா சாமிக்கு ஒரு ரூபா முடிஞ்சு வச்சிட்டுப் போங்க. காலைல ஏழு மணிக்குள்ள கிளம்பிடுங்க, அதுக்கப்பறம் சில்க் போர்டு டிராஃபிக்கைத் தாண்ட மாட்டீங்க. தாய் கார்டு, மொத ஸ்கேன், பழைய டிஸ்சார்ஜ் சம்மரி மூணும் ஒரிஜினலா எடுத்துக்கங்க.