சபுல்தெபெக் பார்க்ல இருக்கற ஆறு தூண்: கொடியைச் சுத்திக்கிட்டு குதிச்ச பையன் கதை நிஜமா?

ஊர்சுத்தி:
ஆஃபீஸ் வேலையா மூணு மாசம் மெக்சிகோ சிட்டில இருக்கேன். ஞாயித்துக்கிழமை சபுல்தெபெக் பார்க் போனா வாசல் பக்கத்துலயே அரைவட்டமா ஆறு பெரிய வெள்ளைத் தூண், நடுவுல செத்த பையனைத் தாங்கிப் பிடிச்சிருக்கற அம்மா சிலை. 1847ல அமெரிக்கப் படை வந்தப்ப மேல கோட்டைல இருந்த மிலிட்டரி காலேஜ் பசங்க ஆறு பேர் செத்தாங்களாம், அதுல ஹுவான் எஸ்குத்தியாங்கறவன் கொடி எதிரி கைல சிக்கக்கூடாதுன்னு உடம்புல சுத்திக்கிட்டு மேலேர்ந்து குதிச்சிட்டான்னு கூட வந்த ஃப்ரெண்டு சொல்றான், சொல்லும்போதே கண்ணு கலங்குது. அவன் வைஃப் "அதெல்லாம் ஸ்கூல் புக் கதை"ங்கறாங்க. ரெண்டு பேருக்கும் அங்கயே சண்டை, நான் சோளத்தைக் கடிச்சுக்கிட்டு நின்னேன். எது நிஜம்?

தெற்குவாசல்:
பசங்க செத்தது நிஜம் நண்பா, அதுல சந்தேகமே வேணாம். செப்டம்பர் 12 பூரா பீரங்கியால அடிச்சாங்க, 13 காலைல ஏணி போட்டு ஏறினாங்க, செத்ததுல ஃபிரான்சிஸ்கோ மார்க்கெஸுக்கு 13 வயசுதான், நம்ம ஊர்ல எட்டாங்கிளாஸ். கொடி கதைக்குத்தான் அந்தக் காலத்து ஆதாரம் எதுவும் கிடையாது, பின்னாடி சேர்ந்தது. எஸ்குத்தியா அந்த காலேஜ்ல படிச்சானாங்கறதே கேள்விதான்னு அங்கத்து ஹிஸ்டரி ஆளுங்களே எழுதியிருக்காங்க.

கணக்கப்பிள்ளை:
இன்னொரு கூத்து கேளுங்க. 1947 மார்ச்ல அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமன் வந்து பழைய நினைவுத்தூண்ல மலர்வளையம் வச்சார், அடிச்ச நாட்டுக்காரரே வந்து வச்சதால ஜனங்க அழுதாங்களாம், அது ஓகே. அதுக்கப்புறம் அந்த வருஷமே குன்று அடிவாரத்துல தோண்டி ஆறு எலும்புக்கூடு எடுத்து இவங்கதான் அந்தப் பசங்கன்னு கவர்மெண்ட் அறிவிச்சிடுச்சு. அந்தச் சண்டைல அந்தக் குன்றுல எத்தனையோ பேர் செத்தாங்க, நூறு வருஷம் கம்முனு கெடந்த எலும்பு, கரெக்டா நூறாவது வருஷம், கரெக்டா ஆறு! நீங்க பாத்த தூண் 1952ல திறந்தது, அந்த எலும்பைத்தான் அங்க வச்சிருக்காங்க.

தெற்குவாசல்:
கணக்கு அண்ணா சொல்றது சரிதான், ஆனா ஒரு தடவை செப்டம்பர் 13 அன்னைக்கு அங்க போய் நின்னு பாருங்க. ஒவ்வொருத்தர் பேரா கூப்பிடுவாங்க, இப்ப படிக்கற கேடட் பசங்க மொத்தமா "தாய்நாட்டுக்காக உயிரை விட்டான்"னு கத்துவாங்க, ஆறு தடவை. எலும்பு யாரோடதுன்னு அப்ப எனக்குத் தோணவே இல்ல, உடம்பு சிலிர்த்துடுச்சு.

மழைக்காலம்:
பொழச்ச பசங்களை யாரும் பேச மாட்டேங்கறாங்களே. மிகேல் மிராமோனும் அதே கோட்டைல சண்டை போட்டு பிடிபட்ட கேடட்தான், பின்னாடி ஜனாதிபதியே ஆனார், அப்புறம் வெளிநாட்டுலேர்ந்து வந்து மெக்சிகோவுக்குப் பேரரசரான மாக்ஸிமிலியன் பக்கம் சேர்ந்து 1867ல அவரோடயே சுட்டுக் கொன்னுட்டாங்க. அன்னைக்கே செத்திருந்தா ஏழாவது தூண் வச்சிருப்பாங்க, இப்ப துரோகி லிஸ்ட்ல இருக்கார்.

ஊர்சுத்தி:
எல்லாருக்கும் தேங்க்ஸ். நேத்து மறுபடி போய் கோட்டை மேலயும் ஏறினேன். உள்ள ஒரு மாடிப்படிக்கு மேல சீலிங்ல கொடியோட விழற பையனை வரைஞ்சிருக்காங்க, கீழ நின்னு பாத்தா நம்ம தலை மேலயே விழற மாதிரி இருக்கு, அண்ணாந்து பாத்து கழுத்து புடிச்சிக்கிச்சு. கணக்கு அண்ணா சொன்ன பழைய தூணும் பாத்தேன், அதை டிசைன் பண்ண ஆளே அந்தச் சண்டைல பிடிபட்ட ஒரு கேடட்டாமே! அங்க ஒரு ஆள் கூட இல்ல, செல்ஃபி கூட்டம் மொத்தமும் புதுத் தூண் கிட்டதான். ஃப்ரெண்டு வைஃப் கிட்ட "நீங்க சொன்னது சரி"ன்னு மெசேஜ் போட்டேன், அவன் இன்னும் என்கூட பேசல.